ஆயில் அளவு ஏறினால் சந்தோஷப்படாதீர்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். நான் வால்பாறையில் பள்ளி ஆசிரியை. கணவர் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். மழைக்காலத்தில் ராத்திரி நேரம் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் பொள்ளாச்சி வரை நம்பி இறங்க ஒரு வண்டி வேண்டும் என்று, போன வருடம் 2021 மாடல் மஹிந்திரா தார் டீசல் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். ஃபோர் வீல் டிரைவ், கையால் கியர் போடும் மாடல். தினமும் பள்ளிக்கு நாலு கிலோமீட்டர் போய் வருவதுதான் அதன் வேலை. பொள்ளாச்சிக்கு எப்போதாவதுதான் போகிறோம். இப்போது டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது. இங்குள்ள மெக்கானிக், 'அந்த ஃபில்டரை உள்ளே வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை விட்டது' என்கிறார். இன்ஜின் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நிற்கிறது. 'ஆயிலே குடிக்காத நல்ல இன்ஜின்' என்று கணவர் சந்தோஷப்படுகிறார். மழை பெய்தால் அவர் மலைப்பாதை முழுக்க லீவரை 4 ஹெச்சில் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டுத்தான் இறங்குவார். போன தடவை ஆழியாறு வந்ததும் அந்த லீவர் இறுகிக்கொண்டு திரும்ப வரவில்லை. பெரிய டயரும், இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்க்கல் குழாயும் போடச் சொல்கிறான் தம்பி. பத்து வருடம் ஆனால் டீசல் வண்டியைக் காயலான் கடைக்குத்தான் தள்ள வேண்டும் என்கிறார்களே, அது உண்மையா?

ஒரு வாசகி, வால்பாறை

பதில்:

வணக்கம் சகோதரி. நீங்கள் கேட்டதில் ஒன்று மட்டும் அவசரம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது என்றால், அந்த ஆயிலை மாற்றும் வரை வண்டியை மலைப்பாதையில் விரட்ட வேண்டாம். ஊற்றாமல் ஆயில் அளவு ஏறாது. அங்கே கூடியிருப்பது டீசல்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்க உள்ளே விட்டு எடுத்து அளவைப் பாருங்கள். நுனியில் இருக்கும் சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்தால் டீசல் வாடை தெரியும். இன்னொரு சொட்டை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். நடுவில் கறுப்பாகவும், அதைச் சுற்றி அகலமாக வெளிறிய வளையமாகவும் பரவியிருந்தால் அந்த வளையம் பெரும்பாலும் டீசல்தான். கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். நான் எழுதுவதைவிட அந்தக் காகிதம் அவருக்கு நன்றாகப் புரிய வைக்கும்.

டீசல் எப்படி ஆயிலுக்குள் வந்தது? உங்கள் டிபிஎஃப் விளக்குக்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ் 6 விதி வந்த பிறகு, டீசல் கார்களில் புகையோடு வரும் கரித்துகளைப் பிடித்து வைக்க சைலன்சர் பாதையில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. அதுதான் டிபிஎஃப். பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு தேவை. சாதாரணமாக ஓடும்போது டீசல் இன்ஜினின் புகை அவ்வளவு சூடாக இருக்காது. ஆகவே வண்டியின் கம்ப்யூட்டர், கரி சேர்ந்துவிட்டது என்று கணித்ததும், சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசலைக் காலம் தாழ்த்திக் கூடுதலாகத் தெளிக்கிறது. அது புகையோடு வெளியேறி, ஃபில்டருக்கு முன்னால் எரிந்து சூட்டை ஏற்றுகிறது. இதை ரீஜெனரேஷன் என்பார்கள். இது முழுதாக முடிய பத்து இருபது நிமிடமாவது வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

உங்கள் நாலு கிலோமீட்டரில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே கஷ்டம். சூடு வந்து எரிக்க ஆரம்பித்த நேரத்தில் பள்ளி வந்துவிடும், சாவியைத் திருப்பிவிடுவீர்கள். மறுநாளும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கூடுதல் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் ஒட்டி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் தங்கும் சம்ப்பில் இறங்குகிறது. பெட்ரோல் போல டீசல் சூட்டில் சட்டென்று ஆவியாகிப் போகாது, அங்கேயே தங்கிவிடும். ஆயில் நீர்த்துப் போகும். பேரிங்குகளுக்கும், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போவுக்கும் அந்த நீர்த்த ஆயில் போதாது. மிக மோசமான நிலையில், அளவு மீறிய ஆயில் காற்றுப் பாதை வழியாக இன்ஜினுக்குள்ளேயே இழுக்கப்பட்டு எரிய ஆரம்பித்தால், சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் அணையாமல் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும் ஆபத்தும் உண்டு. நான் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பார்த்ததும் பட்டறைக்குப் போங்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

சரி, பட்டறையில் என்ன கேட்க வேண்டும்? ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றச் சொல்லுங்கள். ஆயில், வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அதே தரமாக இருக்கட்டும். டிபிஎஃப் உள்ள இன்ஜினுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் என்று தனியாக இருக்கிறது. கரி எரிந்து போகும், ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியாது. அது ஃபில்டரிலேயே தங்கி, கடைசியில் ஃபில்டரையே மாற்ற வைக்கும். அதனால் பெட்டிக்கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு டீசல் ஆயிலை அரை லிட்டர் ஊற்றிச் சமாளிக்கிற பழக்கம் இந்த வண்டிக்கு ஒத்துவராது.

ஆயில் மாற்றும்போதே ஸ்கேனர் மாட்டி மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது, சாம்பல் எவ்வளவு இருக்கிறது, கடைசியாக முழுதாக எரித்து முடித்தது எத்தனை கிலோமீட்டருக்கு முன்னால். இந்த மூன்றாவது கணக்கைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் வண்டி எப்படி ஓட்டப்படுகிறது என்பதை அது அப்படியே சொல்லிவிடும். தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தி வைத்தே ஸ்கேனர் மூலம் எரிக்க வைப்பார்கள். எரித்து முடித்த பிறகும், நீண்ட ஓட்டம் கொடுத்த பிறகும், ஆயில் மறுபடி ஏறினால் டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஏதாவது ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டும். அது வேறு வியாதி.

இனிமேல் விளக்கு எரியாமல் இருக்க உங்கள் ஓட்டத்தில்தான் மாற்றம் வேண்டும். டீசல் வண்டியை மெதுவாக, கொஞ்சமாக, பக்கத்தில் மட்டும் ஓட்டினால் அது நீண்ட நாள் வரும் என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. நிஜம் அதற்கு நேர் எதிர். சூடேறாத சின்னச் சின்ன ஓட்டம்தான் இதை அரித்துத் தின்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் சும்மா ஓடவிட்டு 'சூடாக்குவதை'யும் விட்டுவிடுங்கள். சும்மா ஓடும் டீசல் இன்ஜின் சீக்கிரம் சூடாகாது, கரியைத்தான் சேர்க்கும். மார்கழிக் குளிரில், இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கும் குளோ பிளக்கின் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்து, அரை நிமிடம் விட்டு, மெதுவாகக் கிளம்பிவிடலாம்.

பொள்ளாச்சிப் பயணத்தை மாதம் இரண்டு தடவையாக்குங்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கியரில் இறங்கும்போது ஃபில்டர் சுத்தமாகாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கியரில் இறங்கினால் கம்ப்யூட்டர் டீசலை அறவே நிறுத்திவிடும். வெறும் காற்றுதான் போய் வரும், ஃபில்டர் குளிர்ந்துகொண்டே வரும். ஆகவே மலை இறங்கியதும் 'நாற்பது கிலோமீட்டர் ஓட்டியாச்சே' என்று கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். பொள்ளாச்சியிலிருந்து கிணத்துக்கடவு வழியாகக் கோவை போகும் நால்வழிச் சாலையில் அரை மணி நேரம், அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில், இன்ஜின் 2,000 சுற்றுக்கு மேலே நிற்கும்படி ஒரு கியர் குறைத்தே ஓட்டுங்கள். அப்புறம் திரும்பி மலை ஏறும் ஏற்றமும் நன்றாக வேலை செய்யும். டேங்கில் டீசல் ரிசர்வில் இருக்கக் கூடாது. டீசல் குறைவாக இருந்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் எரிக்க ஆரம்பிக்காது.

எரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. நிற்கும்போது இன்ஜின் சத்தம் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும், அணைத்த பிறகும் ஃபேன் சுற்றும், வண்டிக்குப் பின்னால் காய்ந்த வாடை அடிக்கும். அப்போது முடிந்தால் இன்னும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். காய்ந்த புல் மேலே மட்டும் நிறுத்தவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் எஸ்டேட் ஓரத்துப் புல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், வண்டிக்கடியில் அந்தக் குழாய் தீப்பிடிக்க வைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். டிபிஎஃப் விளக்கு மட்டும் நிலையாக எரிந்தால் ஓட்டிச் சரி செய்யலாம். அதோடு இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து, வண்டி இழுவை குறைந்தால் நீங்களாக முயற்சி செய்யாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள்.

இவ்வளவுக்கும் வழியில்லை, நாலு கிலோமீட்டர்தான் எங்கள் ஓட்டம் என்றால், பள்ளிக்கு ஒரு ஸ்கூட்டரோ பழைய பெட்ரோல் காரோ போதும் என்பதுதான் என் கருத்து. தாரை மழைக்கும் சேற்றுக்கும் பொள்ளாச்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். டீலரிடம் போனால் இதைச் சொல்லமாட்டார்கள், ஆனால் டிபிஎஃப் வைத்த டீசல் வண்டி பள்ளி ஓட்டத்துக்கு என்று செய்யப்பட்டதே இல்லை.

ஃபில்டரை வெட்டி எடுப்பதைப் பற்றி உங்கள் மெக்கானிக் சொன்னதை நான் ஏற்கவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், பழைய வண்டிகளில் அடைத்த சைலன்சரைக் குத்தி விடுவது வழக்கம்தான். இங்கே ஃபில்டரை எடுத்தால் அதன் முன்னும் பின்னும் உள்ள பிரஷர் சென்சார் ஏமாறும். அதை மறைக்கக் கம்ப்யூட்டரின் புரோகிராமையே மாற்ற வேண்டும். அதற்கப்புறம் எந்தச் சர்வீஸ் சென்டரும் அந்த வண்டியைச் சரியாகப் படிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதைத் தடை செய்கிறது. சட்டத்தை விட்டுவிட்டாலும், அந்தக் கரித்துகள் நுரையீரலின் அடி வரை போகும் அளவுக்குச் சின்னது. பள்ளி வாசலில் நின்று புகை விடும் வண்டியில் அந்த ஃபில்டர் இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு ஆசிரியைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது அந்த இறுகிய லீவர். மழையில் வண்டி வழுக்கிவிடுமோ என்ற உங்கள் கணவரின் பயம் நியாயமானது, மருந்துதான் தப்பு. தாரில் இருப்பது பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ். 4 ஹெச்சில் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டப்படுகின்றன. ஆனால் வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. அவை அதிக தூரம் உருள வேண்டும். சேற்றிலோ சரளையிலோ இருந்தால் ஏதோ ஒரு டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிடும். தார்ச் சாலை டயரை வழுக்க விடாது. மழையில் நனைந்த தார்ச் சாலையும் இந்த விஷயத்தில் தார்ச் சாலைதான். வழுக்க முடியாத அந்த வித்தியாசம் எல்லாம் முறுக்காக டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி), பிராப்பெல்லர் ஷாஃப்ட், கிரவுன் (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) வரைக்கும் ஏறுகிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் முறுக்கு எவ்வளவு இருக்கும்? லீவர் வராததற்கு அதுதான் காரணம். அதை அடித்து இழுத்தால் உள்ளே பல்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க் வளையும். பத்திரமான இடத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னால் எடுங்கள். முறுக்கு தளர்ந்ததும் கிளட்சை மிதித்து லீவரைத் தள்ளினால் தானாக வந்துவிடும்.

பிரேக் பிடிப்பதில் ஃபோர் வீல் டிரைவ் எந்த உதவியும் செய்யாது. எந்த வண்டியானாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது. மலை இறங்கும்போது காப்பாற்றுவது கியர். 2 ஹெச்சில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) வைத்து, ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொள்ள, பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பக்கம் நின்றால் கீழே வரும் வண்டிகளில் பிரேக் லைனிங் கருகும் வாடை அடிக்கும். அதெல்லாம் பிரேக்கிலேயே காலை ஊன்றி இறங்கியவர்கள் விடும் வாடை. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்குவதை எந்த டிரைவர் சொன்னாலும் கேட்காதீர்கள். மேலே சொன்னபடி, கியரில் இறங்கும்போதுதான் டீசல் செலவே இல்லை. நியூட்ரலில் இன்ஜின் ஓட டீசல் வேண்டும், பிடிமானமும் போய்விடும்.

அப்படியானால் 4 ஹெச் எதற்கு? எஸ்டேட் மண் பாதை, சேறு, மண் சரிந்து தார்ச் சாலை மேலே கிடக்கும் இடம். நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது வேகத்தைக் குறைத்துப் போட்டுவிடலாம், தாண்டியதும் எடுத்துவிடலாம். 4 எல் (நாலு சக்கரமும் மெதுவாக, கூடுதல் பலத்தோடு இழுக்கும் நிலை) போட வண்டி முழுதாக நிற்க வேண்டும், கிளட்ச் மிதித்திருக்க வேண்டும், மெயின் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். 4 எல்லில் வண்டியின் இழுவை ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது. நீங்கள் மேட்டு வீடுகளுக்குக் குத்தாக ஏறும் கல் பாதையில் முதல் கியரில் அரைக் கிளட்ச் வைத்து உறும விட்டு ஏறுவீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படி ஏறினால் கிளட்ச் பிளேட் சீக்கிரமே போய்விடும். 4 எல் போட்டால் கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, நடக்கிற வேகத்தில் தானாக ஏறும். இறங்கும்போதும் அப்படியே. ஃபோர் வீல் டிரைவுக்குக் காசு கொடுத்தீர்களே, அந்தக் காசு இங்கேதான் திரும்பி வரும்.

அந்த லீவரில் 4 ஹெச்சுக்கும் 4 எல்லுக்கும் நடுவில் ஒரு நியூட்ரல் இருக்கிறது. தெரியாமல் அதில் லீவர் நின்றுவிட்டால், மெயின் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பே இருக்காது. சரிவில் உருண்டுவிடும். சரிவில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கல் வைத்த பிறகே அந்த லீவரைத் தொட வேண்டும் என்று வீட்டில் வண்டி எடுக்கும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து விளையாடும் வண்டி என்றால் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

மாதம் ஒரு தடவையாவது மண் பாதையில் 4 ஹெச்சும் 4 எல்லும் போட்டுச் சில நூறு மீட்டர் ஓட்டுங்கள். போடாமலே வைத்திருந்தால் உள்ளே ஆயில் பரவாது, லிங்கேஜ் இறுகும், சீல் காயும். தேவைப்படும் ராத்திரியில் லீவர் உள்ளே போகாது.

செகண்ட் ஹேண்ட் வண்டியில் ஆயில் விஷயம் இன்ஜினோடு முடியவில்லை. கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் என்று இன்னும் நாலு இடத்தில் ஆயில் இருக்கிறது. விற்றவர் 'எல்லாம் மாற்றியாச்சு' என்று சொன்னாலும் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு ஒரு தடவை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அன்றைய கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதில் மெக்கானிக்கிடம் ஒன்று சொல்ல வேண்டும்: கிரவுனில் ஆயில் ஊற்றும் மேல் போல்ட்டை முதலில் திறக்கட்டும், அது திறந்த பிறகு வடிக்கும் கீழ் போல்ட்டைத் திறக்கட்டும். துருப்பிடித்த மேல் போல்ட் வரவில்லை என்பது, கீழே எல்லா ஆயிலையும் வடித்த பிறகு தெரிந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

வடியும் ஆயிலின் நிறத்தைக் கூடவே நின்று பாருங்கள். பால் ஊற்றிய டீ போல வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான கிரவுன் குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவோ, காற்று போய் வரும் துவாரமான பிரீதர் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அச்சுக்கு மேலே ரப்பர் குழாயோடு போகும் சின்ன பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் இன்னும் மோசம். பழைய உரிமையாளர் வண்டியை எங்கெல்லாம் இறக்கினார் என்று யாருக்குத் தெரியும்? உங்கள் மாடலில் முன் பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். இரண்டு பக்கமும் ஆக்சில் ரப்பர் பூட் கிழியாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தின் உள்பக்கத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது. அப்போதே மாற்றினால் சின்னச் செலவு. சேறு உள்ளே போய், திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வந்த பிறகு ஆக்சிலே மாற்ற வேண்டியிருக்கும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். ஈரம் கூடினால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். நீங்கள் இருப்பது மழைக்குப் பேர்போன சின்னக்கல்லார் இருக்கிற மலை, இறங்குவது பிரேக் சூடாகும் பாதை. இரண்டும் சேர்ந்த ஊரில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

டீசல் விஷயத்தில் ஒரு பழக்கம். இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம் 1,500 பாருக்கு மேல். உங்கள் டயரில் இருப்பது இரண்டு பார் சுற்றித்தான். அந்த அழுத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் பம்பையும் இன்ஜெக்டரையும் கெடுக்கும். டீசல் ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் தங்கும் இடமும் வடிக்கும் திருகும் இருக்கும், மழைக்காலத்தில் அதை அடிக்கடி வடிக்கச் சொல்லுங்கள். எஸ்டேட் ஸ்டோரில் பேரலில் வைத்த டீசலை மட்டும் இந்த வண்டிக்கு ஊற்றாதீர்கள், டிராக்டர் தாங்கும், இது தாங்காது. ராத்திரி நிறுத்தும்போது டேங்க் பாதிக்கு மேலே இருந்தால் உள்ளே ஈரம் படிவது குறையும், அவசரத்துக்குக் கிளம்பவும் அதுவே நல்லது. டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி ஒன்றும் இருந்தால் அது யூரியா திரவத்துக்கு. ஒன்றில் ஊற்றுவதை இன்னொன்றில் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே போன் செய்யுங்கள்.

தம்பி சொல்லும் பெரிய டயர் வேண்டாம். ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர், வண்டிக்குக் கதவில் ஒட்டியிருக்கும் அதே அளவில் போடுங்கள், அதுவே வால்பாறைக்குத் தாராளம். பெரிய டயர் போட்டால் இழுவை குறையும், பிரேக் தூரம் கூடும், கிளட்சுக்குச் சுமை ஏறும். அளவைவிட முக்கியம், நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே தேய்மானமாக இருப்பது. முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு மொட்டை என்று ஓட்டினால் 4 ஹெச்சில் நேர் ரோட்டில்கூட அந்த முறுக்கு ஏறும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஸ்நார்க்கலும் தேவையில்லை. தாருக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. அது நிற்கும் தண்ணீரில், ஊர்ந்து போகும் வேகத்தில். ஸ்நார்க்கல் காற்று இழுக்கும் இடத்தை மட்டும் உயர்த்தும். ஓடுகிற தண்ணீர் வண்டியைத் தள்ளுவதை அது தடுக்காது. மழையில் கூழாங்கல் ஆறு ஏறி வருவதைப் பார்த்த நீங்கள் அதில் எந்த வண்டியையும் இறக்க மாட்டீர்கள். எப்போதாவது தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பத்து வருடக் கணக்கு டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்துக்கும் என்று வந்தது. அங்கே 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவைத்தான் இங்கே வாட்ஸப்பில் சுற்ற விடுகிறார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அப்புறம் ஆர்டிஓ அலுவலகத்தில் சோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

அந்தப் பதினைந்தாவது வருடத்தில் உங்கள் ஊரில் வண்டியைத் தடுக்கப் போவது இன்ஜினாக இருக்காது, சேசிஸ் துருவாகத்தான் இருக்கும். எஸ்டேட் செம்மண் சேசிஸ் சட்டத்தின் உள்ளே புகுந்து மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, பாடியைத் துடைக்காவிட்டாலும் பரவாயில்லை, அடியில் ஹோஸ் விட்டுச் சட்டத்தின் ஓட்டைகள் வழியாகத் தெளிந்த தண்ணீர் வரும் வரை கழுவுங்கள். சக்கர ஹப் பக்கமும் பிரீதர் பக்கமும் பிரஷர் வாஷர் வேண்டாம், சாதாரணக் குழாய் போதும். அண்டர் பாடி கோட்டிங் அடிப்பதாக இருந்தால் வெயில் காலத்தில், நன்றாகக் காய்ந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். அடிக்கும்போது கூட நின்று, தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்காமல் விடுகிறார்களா என்று பாருங்கள். அடைத்துவிட்டால் துரு உள்ளேயிருந்து ஆரம்பிக்கும், வெளியே தெரியும்போது சட்டமே ஓட்டையாகியிருக்கும்.